வாகனப் புத்தகத்தில் வேறொருவர் பெயர்

எல்பிட்டிய,
2023 மே 22

மல்லி,

என் நம்பரைத் தடை செய்துவிட்டாய். வாட்ஸ்அப்பிலும் தடை. உன் கூட்டாளி நுவனிடம் கெஞ்சிப் பார்த்தேன். "அக்கே, என்னை இதுக்குள்ள இழுக்காதீங்க, பிறகு அவன் என்னோடயும் கதைக்கமாட்டான்" என்று நழுவிவிட்டான். சரி, போகட்டும். தபால்காரனை உன்னால் தடை செய்ய முடியாதுதானே! மல்லி என்று கூப்பிட எனக்கு இருக்கிறது ஒரே ஒரு தம்பி, உனக்கு இருக்கிறது ஒரே ஒரு அக்கா. அம்மாவும் அப்பாவும் போன பிறகு சண்டை பிடிக்கவும் வேறு ஆள் இல்லை. அதனால் கிழித்துப் போடாமல் கடைசி வரை வாசி.

ஊரார் உனக்குச் சொன்னது பாதிக் கதை. நீ கொரியாவுக்குப் போகும்போது என்ன சொன்னாய்? காரைக் கிழமைக்கு ஒருதரம் ஸ்டார்ட் பண்ணு, பத்து நிமிடம் ஓடவிட்டு நிறுத்து, கேட்டைத் தாண்டாதே. ஒன்றரை வருடம் நான் தாண்டவில்லை. பௌர்ணமிப் போயா நாளில் புத்தரைக் கும்பிடப் பன்சலைக்குக்கூட வெயிலில் குடை பிடித்து நடந்துதான் போனேன். வீட்டில் கார், வீதியில் நான். ஊர் சிரித்தது.

அன்றைக்கு மே 12. முன்வீட்டு சச்சினிக்குக் கல்யாணம். மணமகள் வீட்டை விட்டு இறங்க நெகத், அதுதான் சுபநேரம், 9.02, மண்டபத்தில் போருவை மேடையில் ஏற 9.42. எட்டரைக்கு வாடகைக் கார்க்காரன் கோல் எடுத்து, பெல்ட் அறுந்துவிட்டது, வரமுடியாது என்கிறான்! சச்சினியின் அம்மா பாதி உடுத்த சாரியோடு நம் கேட்டுக்கு ஓடி வந்தாள். "இனோகா மிஸ், உங்கட காலைப் பிடிக்கிறன், அந்தக் காரை வெளியில எடுங்க! நெகத் தப்பினா என்ட பிள்ளைட வாழ்க்கை என்னாகும்?" நீ என்றால் என்ன செய்வாய்? எனக்கு லைசன்ஸ் இருக்கிறது, கையில் சாவி இருக்கிறது, எதிரில் ஒரு தாய் அழுகிறாள். எடுத்தேன். முன்பக்கத்தில் ரிபனும் அந்தூரியமும் கட்டினார்கள். நம் சின்ன ஆல்டோ என்ன வடிவாக இருந்தது தெரியுமா!

இறப்பர்த் தோட்டத்து வளைவில் பக்கத்து ஒழுங்கையிலிருந்து ஒரு லேண்ட்மாஸ்டர் உழவு இயந்திரம், பின்பெட்டியில் மரக்குற்றிகளை ஏற்றிக்கொண்டு, ஹோர்னும் இல்லாமல் குறுக்கே வந்துவிட்டது. நான் இடது பக்கம் வெட்டினேன். மதகு, அதற்கப்பால் பலாமரம். பெரிய சத்தம். திரும்பிப் பார்க்கிறேன், சச்சினிக்கு ஒரு கீறல்கூட இல்லை, நெற்றிப் பட்டம் மட்டும் காதுக்கு வந்திருந்தது. அவளுடைய அம்மா அழுகிறாள் என்று நினைத்தேன். இல்லை, நேரம் பார்த்துக் கத்துகிறாள். "நெகத் போகுது, நெகத் போகுது! மரத்தைக் கீழ இறக்குங்கடா!" மரக்குற்றிகளை வீதியில் உருட்டிவிட்டு, அந்த லேண்ட்மாஸ்டரிலேயே மணமகளை ஏற்றி, பாய் விரித்து உட்காரவைத்து, ஆட்கள் இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு ஓடினார்கள். எனக்குச் சிரிப்பு வருகிறது. அப்படி ஒரு கல்யாண ஊர்வலத்தை நான் பார்த்ததே இல்லை.

நாற்பது நிமிடத்தில் காப்புறுதிக் கம்பனி ஆள் மோட்டார் சைக்கிளில் வந்தான். நல்ல பொடியன். படம் எடுத்தான், அளந்தான், வீதியில் படுத்து அடிப்பக்கம் பார்த்தான். எழும்பிக் காற்சட்டையைத் தட்டிக்கொண்டு, "சேசி வளைஞ்சிட்டுது மிஸ். இது இனி எழும்பாது" என்றான்.

"தட்டி எடுக்க ஏலாதா? எங்கட ஊர் கராஜ் பாஸ் கெட்டிக்காரன்."

"திருத்துற செலவு காரின்ட விலையை விடக் கூட வரும். இதை முழு நட்டம் எண்டுதான் எழுதுவாங்க. கம்பனி காரை எடுத்திட்டு, காப்புறுதி செய்த தொகையை அப்படியே தந்திடும்."

எனக்கு உயிர் திரும்பி வந்தது. "அப்ப என்ட தம்பிக்குக் காசு முழுசா வருமா?"

"கட்டாயம் வரும் மிஸ். பொலிசியில யார்ட பெயர் இருக்குதோ, அவருக்கு."

வீட்டுக்கு ஓடி வந்து அலுமாரியைத் திறந்து வாகனப் புத்தகத்தை எடுத்தேன். உரிமையாளர்: எம். டீ. விமலசூரிய, மாஹோ. பொலிசியை எடுத்தேன். அதிலும் விமலசூரிய. கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். துஷார, யார் இந்த மனுசன்? நான் யாருடைய காரைப் பலாமரத்தில் மோதினேன்?

அக்கா


அன்சான்,
2023 யூன் 5

அக்கே,

கடிதம் கிடைத்தது. இரண்டு நாள் திறக்காமல் வைத்திருந்தேன்.

கார் என்னுடையது. புத்தகம் மட்டும் அவருடையது. 2017இல் குருணாகலில் அவரிடமிருந்து நேரடியாக வாங்கினேன், முழுக்காசும் கொடுத்தேன். பெயர் மாற்றவில்லை. மாற்றினால் இரண்டாவது உரிமையாளர் என்று புத்தகத்தில் விழும், விற்கும்போது விலை இறங்கும். அவர் உரிமை மாற்றப் பத்திரத்தில் கையெழுத்து மட்டும் போட்டு, வாங்குபவர் பெயரையும் திகதியையும் வெறுமையாக விட்டுத் தந்தார். நாட்டில் பாதிப் பேர் அப்படித்தான் ஓடுகிறார்கள், என்னை மட்டும் திருடனைப் போலப் பார்க்காதே. பொலிசியையும் அவர் பெயரிலேயே வருடா வருடம் புதுப்பித்தேன். அவர் இருபது வருடம் ஒரு விபத்தும் இல்லாமல் ஓடியவர், அதற்கான பெரிய கட்டணக் கழிவு அவர் பெயரில்தான் இருந்தது. அதை ஏன் இழக்க வேண்டும் என்று நினைத்தேன்.

இப்போது விளங்குகிறதா நீ என்ன செய்திருக்கிறாய் என்று? கார் ஓடிக்கொண்டிருந்தவரை அது என் கையில். கார் நொறுங்கிய அன்றைக்கு அது வெறும் கடதாசி. அந்தக் கடதாசியில் நான் இல்லை. காசோலை அவர் பெயருக்கு வரும். அவர் பையில் போட்டுக்கொண்டு, போய் வா என்றால், எந்தக் கோட்டிலும் நான் வழக்குப் போட முடியாது.

அந்த ஆல்டோவுக்காக நான் இங்கே என்ன செய்கிறேன் என்று உனக்குத் தெரியாது. ஆறு மாதமாக நிக்கல் பூசும் தொட்டிப் பக்கம் வேலை. கையுறை போட்டாலும் விரல் வெடிக்கிறது. ஊருக்கு வந்து அதை ஹயரில் ஓட்டி இனி யாருக்கும் கீழே வேலை செய்யாமல் இருக்கலாம் என்றுதான் நாள் எண்ணிக்கொண்டிருந்தேன். இன்றைய விலையில் இன்னொரு கார் வாங்க என்னால் இந்த ஜென்மத்தில் முடியாது.

செய்ய வேண்டியது இது. மாஹோவுக்குப் போ. அதற்கு முன் ஒரு சட்டத்தரணியிடம் போய், காசு வந்ததும் எனக்கே தருவதாக ஓர் ஒப்பந்தம் எழுதி எடு. முதலில் அதில் கையெழுத்து, பிறகுதான் கம்பனிப் படிவம். சிரித்துக் கதைப்பவரை எல்லாம் நம்பாதே. உனக்கு அந்தப் பழக்கம் இருக்கிறது. தபாலில் பதில் போடு, கோல் எடுக்காதே.

துஷார


எல்பிட்டிய,
2023 யூன் 22

மல்லி,

உன் கடிதம் வரும்வரை பொறுமை இருக்கவில்லை, முதலில் காலி நகரத்தில் இருக்கிற காப்புறுதிக் கம்பனி அலுவலகத்துக்குப் போய்விட்டேன். அங்கே நடந்ததைக் கேட்டால் நீ தலையில் அடித்துக்கொள்வாய்.

கவுண்டரில் ரசாங்கி என்று ஒரு பிள்ளை. கண்ணாடிக்கு மேலால் பார்க்கும் ரகம். "விமலசூரிய மஹத்தயாவுக்கு நீங்க என்ன முறை?" என்று கேட்டாள். என் வாய் இருக்கிறதே, அது என்னைக் கேட்காமலே, "மருமகள், அவர்ட அக்காட மகள்" என்று சொல்லிவிட்டது.

"அப்பிடியா, சந்தோசம்" என்று சொல்லிக்கொண்டே பொலிசியில் இருந்த நம்பரை அமர்த்தினாள். எனக்குக் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரிலும் போட்டாள். அது உன் பழைய நம்பராக இருக்கும் என்று நான் தைரியமாக உட்கார்ந்திருந்தேன். மறுபக்கம் ஒரு கனத்த குரல்.

"மஹத்தயா, உங்கட மருமகள் வந்திருக்கிறா, காரைப் பத்திக் கதைக்க."

"மருமகளா? எனக்குக் கூடப்பிறந்ததெண்டு ஒரு பூனைக்குட்டிகூட இல்ல. எந்த மருமகள்? எந்தக் கார்?"

ரசாங்கி கண்ணாடியைக் கழற்றிவிட்டாள். பின்னால் வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்க்கிறார்கள். பூமி பிளந்து என்னை விழுங்காதா என்று இருந்தது. விழுங்கவில்லை. பாய்ந்து போய் போனுக்குள் கத்தினேன். "மாமா! நான்தான் இனோகா! அந்த ஆல்டோ, மாமா! குருணாகல்ல குடுத்தீங்களே!"

மறுபக்கம் குரல் மாறியது. "ஓ... அந்தக் கார். அவவை இங்க வரச் சொல்லுங்க. அவவோட எனக்கு ஒரு கணக்கு இருக்கு" என்று வைத்துவிட்டார்.

ரசாங்கி படிவத்தை என் பக்கம் தள்ளினாள். "சமாதான நீதவான் முன்னுக்கு அவர் கையெழுத்துப் போடணும். நீங்க முதல்ல மருமகளாகிட்டு வாங்க மிஸ்" என்றாள். வரிசையே சிரித்தது.

உன் கடிதம் வந்த மறுநாளே சட்டத்தரணியிடம் போய் நீ சொன்ன ஒப்பந்தத்தை எழுதி வாங்கிக்கொண்டு மாஹோவுக்கு ரயில் ஏறினேன். விமலசூரிய மஹத்தயா ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர். ஸ்டேஷனுக்குப் பின்னால் வீடு, முற்றம் நிறைய வான்கோழி. கேட்டைத் திறக்கவில்லை. உள்ளே போய் ஒரு ஃபைலைக் கொண்டு வந்து, கேட்டுக்கு மேலால் மூன்று கடதாசியை ஒவ்வொன்றாக நீட்டினார். எல்லாம் கொழும்பிலிருந்து பொலிஸ் அனுப்பியது. மூன்றும் 2019, 2020. மூன்றும் சிவப்பு விளக்கு.

"பாருங்க! சிவப்பு விளக்கைத் தாண்டினேனாம்! நான்! முப்பத்திநாலு வருசம் சிக்னலைப் பாத்தே வயசு போனவன்! பொலிஸ்காரன் வீட்டு வாசலுக்கு வந்து எனக்குச் சிவப்பு எண்டா என்ன எண்டு விளங்கப்படுத்திட்டுப் போறான்! ஊர் முழுக்கப் பகிடி! பழைய போர்ட்டர்மார் இண்டைக்கும் என்னைக் கண்டா 'சேர், சிவப்பு, சிவப்பு' எண்டு கத்துறாங்க!"

2019இல் காரை ஓட்டியது யார், துஷார மஹத்தயா? கேட்டைத் தாண்டாதே என்று எனக்குப் புத்தி சொன்ன பெரிய சாரதி யார்? எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க அடக்க வந்தது. கேட்டைப் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தேன். அவர் முறைத்துப் பார்த்தார். உள்ளேயிருந்து அவருடைய மனைவி, "அந்தப் பிள்ளையை வெயில்ல நிப்பாட்டாம உள்ள கூப்பிடுங்க, சிக்னல் விழுந்திட்டுது, வண்டி உள்ள வரலாம்" என்றாள். அப்போதுதான் அவர் முகம் கொஞ்சம் இளகியது.

தேத்தண்ணி குடிக்கும்போது உண்மை எல்லாவற்றையும் சொன்னேன். மருமகள் பொய் உட்பட. எல்லாம் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அந்தக் கல்யாணப் பொம்பிளை நெகத்துக்குப் போய்ச் சேர்ந்தாவா?"

"மூணு நிமிசம் மிச்சம் இருக்கப் போய்ட்டா, மஹத்தயா."

"லேண்ட்மாஸ்டர்லயா?"

"லேண்ட்மாஸ்டர்லதான்."

"சரி. அப்ப எங்க கையெழுத்துப் போடணும் எண்டு காட்டுங்க."

பக்கத்து வீட்டு சமாதான நீதவான் முன்னால் கம்பனிப் படிவத்தில் கையெழுத்துப் போட்டார். காசோலை மூன்று கிழமைக்குள் பதிவுத் தபாலில் அவர் முகவரிக்கு வரும்.

இனி உனக்குப் பிடிக்காததையும் சொல்லவேண்டும். உன் ஒப்பந்தம் என் பையில்தான் இருந்தது. நான் அதை வெளியே எடுக்கவில்லை. அந்த மனுசன் ஒரு கேள்வியும் இல்லாமல் கையெழுத்துப் போடுகிறார், அவர் முன்னால் உங்களை நம்பவில்லை என்று ஒரு கடதாசியை நீட்ட எனக்குக் கை வரவில்லை. கோபித்துக்கொள். ஆனால் அவரை நான் கண்ணால் பார்த்தேன், நீ பார்க்கவில்லை.

அக்கா


அன்சான்,
2023 யூலை 5

ஒப்பந்தத்தை எடுக்கவில்லையா?

வாசித்தேன். திரும்ப வாசித்தேன். பையில் இருந்த கடதாசியை எடுக்கக் கை வரவில்லையாம். தேத்தண்ணி தந்தாராம், வான்கோழி வளர்க்கிறாராம். இருபத்திரண்டு இலட்சத்தை முன்பின் தெரியாத ஒருவர் மடியில் வைத்துவிட்டு, சிரித்தேன் என்று எழுதுகிறாய்.

நீ கட்டிய ரஞ்சித் அத்தானையும் இப்படித்தான் கண்ணால் பார்த்து நம்பினாய். அம்மாவின் நகையை நீயே எடுத்துக் கொடுத்தாய். ஒரு கடதாசி எழுது என்று அன்றைக்கும் நான்தான் சொன்னேன். அவன் போனான், நகையும் போனது. உனக்கென்று ஒன்றும் மிச்சம் இல்லை, அதனால்தான் மற்றவனுடையதை வைத்துக்கொண்டு இவ்வளவு தாராளமாக இருக்கிறாய்.

காசு வராது. எழுதி வைத்துக்கொள். இனிக் கடிதமும் வேண்டாம்.

துஷார


எல்பிட்டிய,
2023 யூலை 14

மல்லி! மல்லி! மல்லி!

வந்துவிட்டது! உன் பதில் இன்னும் வரவில்லை, அதுவரை காத்திருக்க என்னால் முடியாது.

முதலில் பத்து நாள் நான் பட்ட பாட்டைக் கேள். யூலை 3ஆம் திகதி ரசாங்கி கோல் எடுத்து, "காசோலை போயிட்டுது, மருமகளே" என்றாள். உடனே விமலசூரிய மஹத்தயாவுக்கு எடுத்தேன். போன் வேலை செய்யவில்லை. மறுநாளும் இல்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. ஒருநாளைக்கு இருபது தரம் எடுத்தேன். ஐந்தாம் நாள் சோறு இறங்கவில்லை. ஏழாம் நாள் முன்பள்ளியில் பிள்ளைகளுக்கு ஒன்று, இரண்டு சொல்லிக்கொடுக்கும்போது ஆறோடு நின்றுவிட்டேன். பிள்ளைகள், "மிஸ், ஏழு, ஏழு" என்று கத்துகிறார்கள். சச்சினியின் அம்மா வேறு வந்து, "இந்தக் காலத்தில யாரை மிஸ் நம்புறது" என்று ஆறுதல் சொன்னாள். அந்த ஆறுதலுக்கு அவளை அடிக்கலாம் போல இருந்தது. உன் விரல் வெடிக்கிறது என்று எழுதியிருந்தாயே, அதுதான் கண்ணை மூடினால் வந்தது. தம்பியின் உழைப்பை என் கையாலேயே அழித்தேனே என்று புத்தர் படத்துக்கு முன்னால் உட்கார்ந்து அழுதேன்.

நேற்று விடியப்புறம் மாஹோவுக்குப் போகத்தான் சாரி உடுத்தேன். கேட்டைத் திறக்கிறேன், வெளியே அவர்! கையில் ஒரு பை, அதற்குள் உயிரோடு ஒரு வான்கோழி. இரவு பஸ்ஸில் வந்திருக்கிறார்.

நான் அவரைக் கும்பிடவும் இல்லை, வாங்க என்றும் சொல்லவில்லை. "போனுக்கு என்ன நடந்தது?" என்று வாத்திச்சி மாதிரி அதட்டினேன்.

"கிணத்துக்குள்ள விழுந்திட்டுது, மருமகளே."

"இன்னொரு போன்ல எடுக்க ஏலாதா?"

"உங்கட நம்பரும் அதோடதானே கிணத்துக்குள்ள போனது!"

காசோலையை அவருடைய கணக்கில் போட்டு, காசு ஏறும்வரை இருந்து, உன் பெயருக்கு வங்கிக் கட்டளை எடுத்துக்கொண்டு வந்திருக்கிறார். உன் பெயரில் ஓர் எழுத்துப் பிழை இல்லை. ஒரு சதம் குறையவில்லை. பஸ் காசு கொடுத்தேன், வாங்கவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது, "நீங்க வராம விட்டிருந்தா எங்களால ஒண்டும் செய்ய ஏலாது, மஹத்தயா" என்றேன்.

அவருக்கு அது பிடிக்கவில்லை. "அதென்ன கதை? வெறும் பத்திரத்தில கையெழுத்தைப் போட்டு உங்கட தம்பியிட்டக் குடுத்திட்டு நான் ஆறு வருசம் நித்திரை கொண்டனான். அவன் அதை வச்சு என்னவும் எழுதியிருக்கலாம். ஒண்டும் எழுதல்ல. சிவப்பு விளக்கைத்தான் தாண்டினான், கள்ளன் இல்ல" என்றார்.

சச்சினி வீட்டிலிருந்து பாற்சோறும் கட்ட சம்பலும் வந்தது. இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டார். கம்பனி லொறி வந்து காரைத் தூக்கிக்கொண்டு போன இடத்தையும், பலாமரத்தையும் காட்டச் சொன்னார். மரத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "நல்லா வெட்டி எடுத்திருக்கிறீங்க. வலது பக்கம் வெட்டியிருந்தா அந்தப் பிள்ளை இல்ல" என்றார். எத்தனை பேர் என்னைக் குற்றம் சொன்னார்கள், மல்லி! இதை இதுவரை ஒருவரும் சொல்லவில்லை. நீயும் கேட்கவில்லை.

இன்றைக்கு வங்கிக்குப் போய் உன் கணக்கில் போட்டுவிட்டேன். வான்கோழி முற்றத்தில் நிற்கிறது, பார்ப்பவர்களை எல்லாம் விரட்டுகிறது. சந்தோசத்தில் எனக்குக் கால் நிலத்தில் படவில்லை. உடனே எழுது!

அக்கா


எல்பிட்டிய,
2023 யூலை 19

துஷார,

நீ யூலை 5இல் எழுதியது நேற்றுக் கிடைத்தது.

ரஞ்சித் விடயத்தில் நீ சொன்னது சரி. நகை போனது உண்மை.

வங்கிச் சீட்டின் பிரதியை இதோடு வைத்திருக்கிறேன். சரி பார்த்துக்கொள். கடிதம் வேண்டாம் என்றாய். இது கடைசி. உடம்பைப் பார்த்துக்கொள்.

இனோகா


அன்சான்,
2023 ஓகஸ்ட் 2

அக்கே,

உன்னுடைய இரண்டு கடிதமும் ஒரே நாளில் வந்தன. சந்தோசமாக எழுதியதை முதலில் திறந்தேன். உடை மாற்றும் அறையில் நின்றபடியே வாசித்துச் சிரித்தேன், பக்கத்தில் இருந்த நேபாளக்காரன் என்ன என்று கேட்டான், அவனுக்கும் சொன்னேன். பிறகு மற்றதைத் திறந்தேன். அக்கா என்றுகூட எழுதவில்லை நீ.

உன் நம்பரை அன்றைக்கே திறந்துவிட்டேன். ஒன்பது தரம் எடுத்தேன், நீ எடுக்கவில்லை. சரிதான், எடுக்க வேண்டாம்.

மன்னித்துவிடு என்று எழுதினால் சின்னதாகத் தெரிகிறது. அதைவிடப் பெரிய சொல் எனக்குத் தெரியாது. நகையை ஏன் கொடுத்தாய் என்று எனக்குத் தெரியும். என் கொரியப் பரீட்சைக்கும் ஏஜென்சிக்கும் காசு புரட்ட, நகையை முதலாகப் போட்டு ஒரு கடை திறந்து அந்த லாபத்தில் தருவதாக ரஞ்சித் அத்தான் சொன்னான், அதை நம்பித்தான் கொடுத்தாய். எனக்காகக் கொடுத்ததைத்தான் உனக்குக் குத்திக் காட்டினேன். எழுதும்போதே அது எனக்குத் தெரியும். தெரிந்தே எழுதினேன். அதுதான் இந்த ஒரு கிழமையாக நித்திரை இல்லை.

விபத்து என்று கேள்விப்பட்ட அன்றைக்கு நான் முதலில் கேட்டது கார் எப்படி என்று. உனக்கு அடிபட்டதா என்று இன்றுவரை கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன். அடிபட்டதா, அக்கே?

விமலசூரிய மஹத்தயாவுக்குத் தனியாக ஒரு கடிதம் போட்டிருக்கிறேன். சிவப்பு விளக்கைத் தாண்டியது மூன்று தரம் இல்லை, ஐந்து தரம், இரண்டுக்குப் பிடிபடவில்லை என்ற உண்மையையும் எழுதினேன்.

விடுமுறை கிடைத்துவிட்டது. செப்டம்பர் 9 கட்டுநாயக்கவில் இறங்குகிறேன். நுவன் வான் கொண்டு வருகிறேன் என்கிறான், வேண்டாம் என்றேன். நீ வாடகைக்கு ஒரு கார் எடுத்துக்கொண்டு வா. சாரதி வேண்டாம். நீயே ஓட்டி வா, திரும்பிப் போகும்போதும் நீயே ஓட்டு. நான் பக்கத்தில் இருப்பேன். எல்பிட்டிய வரைக்கும் ஒரு வார்த்தை சொல்லமாட்டேன்.

தம்பி


எல்பிட்டிய,
2023 ஓகஸ்ட் 15

மல்லி,

முழங்காலில் மூன்று தையல். ஆறிவிட்டது.

விமானம் எத்தனை மணிக்கு, மடையா? திகதியை எழுதினாய், நேரத்தை எழுதவில்லையே! இதற்கும் தபாலில் பதில் போட்டுக்கொண்டிருக்காதே. கோல் எடு, எடுக்கிறேன்.

அக்கா